விடியற்காலைத் தியானத்தில் தூங்கி விழுகிறீர்களா?

இலங்கை மலையகத்தில் ஹற்றனுக்கு அருகே தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நான், மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதித் தியானத்தைத் தொடங்கிய முதல் மூன்று மாதங்களும் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே உறங்கினேன். அதிலிருந்து மீண்ட வழியைப் புதிதாகத் தொடங்குவோருக்காக எழுதுகிறேன்.

முதலில் இருக்கை. முதுகு நிமிர்ந்திருக்குமானால் நாற்காலியே போதும். தரையில்தான் அமர்வேன் என்பவர்கள், தை மாதக் குளிருக்குக் கம்பளியை நான்காக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் பார்க்கக் கைபேசி வேண்டாம் என்பது என் பிடிவாதம். மணியை நிறுத்தப் போகும் விரல் வந்த செய்திகளையும் திறந்துவிடும். துவாயில் சுற்றி வைத்த அலாரம் மணிக்கூடு பத்து நிமிடத்துக்குப் போதுமானது.

அடுத்து எண்ணிக்கை. மூச்சு வெளியேறும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல், ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணச் சொல்கிறது. நான் எட்டில் திரும்பிவிடுவேன்.

மூன்றாவதான உறக்கத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன். தலை சாய்ந்தவுடன் எழுந்துபோய்ப் பீலியில் விழும் குளிர்ந்த மலைத் தண்ணீரில் முகம் கழுவுவேன். உறக்கம் கலைந்தாலும், நடுக்கத்தில் மனம் எண்ணிக்கைக்குத் திரும்பாது. தூங்கி விழுந்த தம் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன வழிகள் அங்குத்தர நிகாயம் என்ற பாளித் தொகுப்பில் இருப்பதை அறிந்த பின்னரே, அவற்றுக்கு ஒரு வரிசை உண்டென்பது விளங்கியது. உறக்கம் வந்தபோது இருந்த எண்ணத்தை விடுவது, கேட்ட அறத்தைச் சிந்திப்பது, அதை ஓதுவது, காதுகளை இழுத்துக் கைகால்களைத் தேய்ப்பது ஆகியவை முன்னே வருகின்றன. எழுந்து கண்களை நீரால் கழுவி விண்மீன்களைப் பார்ப்பது அவற்றுக்குப் பின்னர்தான். பிறகு ஒளியை நினைப்பதும் முன்னும் பின்னும் நடப்பதும் வருகின்றன. எதற்கும் உறக்கம் போகாவிட்டால், எழும் எண்ணத்தோடு வலப்பக்கம் சாய்ந்து படுக்கலாம். எனக்குப் பெரும்பாலும் சீலங்கள் எனும் ஐந்து ஒழுக்க விதிகளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வதே போதும். அந்தக் கடைசி வழியோ, நள்ளிரவுவரை விடைத்தாள் திருத்திவிட்டு ஐந்து மணிக்கு எழும் என் வழக்கத்தையே மாற்றவைத்தது.

நான்காவதாக, இதைப் பகலுக்குக் கொண்டுசெல்லுங்கள். சதிபட்டானம் என்னும் விழிப்புணர்வுப் பயிற்சியின் நான்கு பகுதிகளில் இரண்டாவது, உணர்வு இனியதா, இனிமையற்றதா, இரண்டும் அல்லாததா என்று அறிவது. தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்கிலிருந்து நடந்து வரும் மாணவன் தாமதமாக நுழையும்போது என் நெஞ்சில் இறுக்கம் ஏற்படுகிறது. அதை 'இனிமையற்றது' என்று குறித்துக்கொண்டால், கடுஞ்சொல் வாய்க்கு வருமுன் அவனுடைய நனைந்த காலணி கண்ணில் படுகிறது.

பிற்சேர்க்கை: தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறையில் எல்லோரும் படுத்திருக்க, தான் எங்கே அமர்வது என்று கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். அமர்தலைப் போலவே நிற்றலும் நடத்தலும் படுத்தலும் தியானத்துக்குரிய நிலைகள்தாம். ஆகவே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் வழியிலும் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதும், கண்களை மூடாமல், பாதம் நிலத்தில் படுவதைக் கவனியுங்கள். இடையில் அட்டை ஏறினால் அதைத் தட்டிவிட்டுத் தொடருங்கள்.