ஏர்வாடிக்குப் புறப்படும் முன்

என் தம்பிக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, ஜின் பிடித்திருக்கிறது என்றார் உம்மா. மனச்சிதைவு என்றார் மருத்துவர். இருவரையும் மோதவிடாதீர்கள். நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸை, நபிமொழியை, எடுத்துச் சொன்னால், உம்மாவே மாத்திரையை நீட்டுவார்.

ஏர்வாடி தர்காவில் தங்குவதானால் மருந்துச் சீட்டும், கூடுதலாகச் சில நாள் மாத்திரையும் பையில் இருக்கட்டும். ஓதிய தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கலாம். என் தம்பி அப்படித்தான் செய்கிறான். தாயத்து கூடுமா கூடாதா என்பதில் ஆலிம்களுக்கே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்தை நோயாளியின் முன்னால் நடத்த வேண்டாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுபவருக்கு உடலில் நீர் வற்றுவது ஆபத்து. நோயாளிக்கு நோன்பில் சலுகையைக் குர்ஆனே தருகிறது.

அடித்து விரட்டுகிறேன், சங்கிலியில் கட்டுகிறேன் என்பவரிடம் ஒரு நொடியும் நிற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் தனியார் காப்பகம் ஒன்று எரிந்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

இரவில் தற்கொலைப் பேச்சு எழுந்தால், ஓதிப் பார்க்கும் ஹஜ்ரத் வரட்டும் என்று காத்திருக்காமல், அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.