லீஸ்டு லைன்: போகும் பக்கத்தையும் பாருங்கள்

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி. புதிதாகச் சேர்ந்த தம்பி, லீஸ்டு லைனில் (நமக்கென்றே வாடகைக்கு எடுத்த டேட்டா லைன்) எவ்வளவு டேட்டா ஓடுகிறது என்ற கிராஃபைக் காட்டி, "அண்ணா, டவுன்லோடு ஃபுல்லா ஓடுது, 2 எம்பிய 4 ஆக்கிரலாம்" என்றான். ஒரு காலத்தில் நானும் முதலாளியிடம் 4 ஆக்கிரலாம் என்றுதான் சொன்னேன். கேபிளைச் சரியாகச் செருகாதது மாதிரியான தவறுகளை அவனே பட்டுத் தெரிந்துகொள்வான். கீழே சொல்லும் தவறுகள் அப்படி இல்லை.

இரண்டைப் பாதியாக்குவது

2 எம்பி (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் போக 1, வர 1 இல்லை; போக 2, வர 2, ஒரே நேரத்தில். சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்களே, அந்த மாதிரி. இரண்டையும் கூட்டி 4 என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். இ1 என்ற வகை 2 எம்பி சர்க்யூட்டில் 64 கேபி (கிலோபிட்) வீதம் 32 ஸ்லாட், அதாவது 32 பங்கு. ஒன்று ஃப்ரேமிங்குக்கு (பங்குகளை அடையாளம் காண) போனால் நமக்கு 1.984 எம்பி.

பச்சையை மட்டும் பார்ப்பது

என் காசு இல்லை, ஆனாலும் இன்னும் எரிகிறது. குன்னூர் ஃபேக்டரியிலிருந்து கோயம்புத்தூர் ஹெட் ஆபீசுக்கு 2 எம்பி லைன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பில்லிங் திறக்காது. கிராஃபில் பச்சை, அதாவது வரும் பக்கம், 600 கேபியைத் தாண்டவில்லை. லைன் கொடுத்தவர்களோடு சண்டை போட்டேன். பிறகு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் 4 ஆக்கினேன். வாடகை ஏறியது. நாலு மணிக்குப் பில்லிங் அப்போதும் திறக்கவில்லை.

அப்புறம்தான் கிராஃபில் நீல நிறக் கோட்டை, அதாவது போகும் பக்கத்தை, பார்த்தேன். நாலு மணிக்கு ஏறி, கத்தியால் சீவின மாதிரி உச்சியில் தட்டையாக நின்றது. இலை வாட்டும் ஷெட் கேமரா வீடியோ ஹெட் ஆபீசுக்குப் போகும் நேரம் அது. நேரத்தை செட் செய்தவன் நான்தான்! 2 கொடுத்தால் 2, 4 கொடுத்தால் 4, அது தின்றுவிடும்.

போகும் பக்கம் நிரம்பினால் வரும் பக்கம் ஏன் படுக்கிறது? வந்த டேட்டாவுக்கு "கிடைத்தது" என்ற ரசீது மேலே போக வேண்டும். அது வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ரசீது வராததால் அனுப்புகிறவன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். வீடியோவை 1 எம்பிக்குள் கட்டி, ராத்திரிக்கு மாற்றினேன். அரை மணி வேலை.

ரவுட்டரில் பேண்ட்வித் கமாண்ட் அடிப்பது

அந்தக் கமாண்டில் எண்ணை மாற்றினால், எந்த வழியில் அனுப்பலாம் என்று ரவுட்டர் போடும் ரூட்டிங் கணக்கு மாறும். லைன் வேகம் மாறாது.

பிட்டும் பைட்டும்

லைன் வேகம் பிட்டில், ஃபைல் அளவு பைட்டில். பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுங்கள்.

எந்த முனை கிராஃப் என்று கேட்காதது

அந்தத் தம்பி காட்டியது லைன் கொடுத்தவர் முனையில் எடுத்த கிராஃப். அவர்களுக்கு உள்ளே வருவது நாம் அனுப்புவது. அவன் டவுன்லோடு என்று நினைத்த பச்சை அத்தனையும் அப்லோடு. "இங்கே கேமரா எத்தனை மணிக்குப்பா அனுப்புது?" என்று கேட்டேன்.