உறங்கும் இரத்தக் குருத்தணுவைக் கண்டறியும் முறை

எலும்பு மஜ்ஜையில் வாழும், எல்லா இரத்த அணுக்களையும் உருவாக்கும் மூல அணுக்களான இரத்தக் குருத்தணுக்களில் எது பிரியாமல் ஓய்வில் இருக்கிறது என்பதை அறிய, முதலில் எலியின் மஜ்ஜையிலிருந்து முதிர்ந்த இரத்த அணுக்களை நீக்கிவிட்டு, சி-கிட், ஸ்கா-1, சிடி150 ஆகிய மேற்பரப்புப் புரதக் குறிகள் உள்ளனவும் சிடி48 இல்லாதனவுமான அணுக்களைப் பிரித்தெடுக்க வேண்டும். தொற்றுக்குள்ளான எலியைத் தவிர்ப்பது நல்லது. தொற்றின்போது உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதம் உறங்கும் அணுக்களை எழுப்பிவிடுவதோடு, ஸ்கா-1 அளவையும் உயர்த்திக் கணக்கைக் குழப்பும்.

அடுத்து, அந்த அணுக்களில் ஒரு பகுதியைப் பதப்படுத்தி, பிரிவுச் சுழற்சியில் உள்ள அணுக்களில் காணப்படும் கேஐ-67 புரதத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் சாயமேற்றுங்கள். கேஐ-67 இல்லாமல், இரட்டிப்பாகாத டி.என்.ஏ. அளவோடு நிற்பவை ஓய்வு நிலையில் உள்ளவை. ஆனால் இது அந்த நொடியின் நிலையை மட்டுமே காட்டும். பதப்படுத்திய அணுக்கள் இறந்துவிடுவதால் அவற்றை மேற்கொண்டு சோதிக்கவும் இயலாது.

நீண்ட உறக்கத்தை அறிய, டாக்சிசைக்ளின் மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய பச்சை ஒளிர் ஹிஸ்டோன் (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதம்) கொண்ட எலியே என் தேர்வு. ஒளிர்புரத உற்பத்தியை நிறுத்திப் பல மாதங்கள் காத்திருந்தால், ஒவ்வொரு முறை அணு பிரியும்போதும் ஒளி பாதியாகக் குறைய, பிரியாத அணு மட்டும் பளிச்சென்று நிற்கும். 2008இல் இவ்வகை ஆய்வொன்று, ஆழ்ந்து உறங்கும் அணுக்கள் ஏறத்தாழ 145 நாள்களுக்கு ஒருமுறையே பிரிகின்றன என மதிப்பிட்டது. நிறுத்திய பிறகும் ஒளிர்புரதம் சிறிது கசியக்கூடும் என்பதால், உற்பத்தியைத் தூண்டாத எலிகளையும் ஒப்பீட்டுக்கு வைத்திருங்கள்.

இறுதியாக, பளிச்சிடும் அணுக்களைக் கதிர்வீச்சால் சொந்த மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிக்குள் செலுத்தி, 16 வாரங்கள் கழித்து இரத்தத்தில் எல்லா வகை அணுக்களும் உருவாகியுள்ளனவா என்று பார்த்து, அதன் மஜ்ஜையை இரண்டாம் எலிக்கு மாற்றுங்கள். தன்னைத்தானே புதுப்பிக்கும் திறன் அந்த இரண்டாம் மாற்றத்தில்தான் உறுதிப்படும்.