கத்தியைக் காட்டினான், எதுவும் பறிபோகவில்லை: இது எந்தப் பிரிவில் வரும்?

ஒரு சம்பவத்தை வைத்தே ஆரம்பிப்போம். இரவு பதினோரு மணி. பஸ்ஸை விட்டு இறங்கி ஒருவர் வீட்டுக்கு நடந்து போகிறார். பைக்கில் வந்த இரண்டு பேர் வழிமறிக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி, கத்தியை வயிற்றுக்கு நேரே நீட்டி, "செல்லையும் பர்ஸையும் எடு" என்கிறான். இவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. இருவரும் பைக்கில் பறந்துவிடுகிறார்கள். செல்போன் பையிலேயே இருக்கிறது, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"அதான் ஒண்ணும் போகலையே, விடுங்க" என்று நாலு பேர் சொல்வார்கள். சட்டம் விடுவதாக இல்லை. எந்தப் பிரிவு என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடிப்போம்.

படி 1: தேதியைப் பாருங்கள்

சம்பவம் 2024 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு நடந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். அதற்கு முன்பு என்றால் 1860-ஆம் ஆண்டின் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். இங்கே புது எண்களையே சொல்கிறேன்.

படி 2: அடியில் இருப்பது திருட்டா, மிரட்டிப் பறிப்பதா?

கொள்ளை என்பது தனியாக முளைத்த குற்றம் கிடையாது. எல்லாக் கொள்ளைக்குள்ளும் ஒரு திருட்டோ, மிரட்டிப் பறித்தலோ இருக்கும் என்றுதான் 309-ஆம் பிரிவே தொடங்குகிறது. அவனே சட்டைப்பையில் கைவிட்டு எடுத்தால் அடியில் இருப்பது திருட்டு. பயந்துபோய் நீங்களே எடுத்துக் கொடுத்தால் மிரட்டிப் பறித்தல். நம் சம்பவத்தில் "எடு" என்று கேட்டதால் இரண்டாவது.

ஒரு விஷயம்: "பூட்டை உடைத்து 30 பவுன் நகை கொள்ளை" என்று நாளிதழில் படிக்கிறோமே, வீட்டில் ஆளே இல்லாதபோது நடந்தது என்றால் சட்டப்படி அது கொள்ளை இல்லை. வீடு புகுந்து திருடியது, அவ்வளவுதான். பயமுறுத்த ஓர் ஆள் எதிரே இருக்க வேண்டும்.

படி 3: பயம் எதற்காக, எப்போது?

புதிதாகப் படிக்கிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் 'எதற்காக'. அடியோ, தடுத்து நிறுத்தலோ, பயமுறுத்தலோ பொருளை எடுப்பதற்காக அல்லது எடுத்ததைக் கொண்டுபோவதற்காக இருக்க வேண்டும். திருடிய பையைக் கீழே போட்டுவிட்டு, துரத்துகிறவர்கள் மேல் கல்லெறிந்து ஓடுகிறான் என்று வையுங்கள். கல்லெறிந்தது தப்பிக்க மட்டுமே. திருட்டும் காயமும் தனித்தனிக் குற்றமாக நிற்கும், கொள்ளை ஆகாது. பையைக் கையில் பிடித்துக்கொண்டே எறிந்திருந்தால் கதை வேறு.

அடுத்து 'எப்போது'. அந்த நொடியே ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் வேண்டும். "உன் பிள்ளை எங்க ஆள்கள்கிட்ட இருக்கான், பணம் அனுப்பலைன்னா கொன்னுடுவோம்" என்று தகவல் வந்தால், எவ்வளவு கொடூரமாக இருந்தாலும் அது பொதுவாக மிரட்டிப் பறித்தல்தான். அதே பிள்ளையை உங்கள் கண்ணெதிரே தூக்கிப் பிடித்து, பர்ஸைத் தராவிட்டால் பள்ளத்தில் வீசுவேன் என்றால் கொள்ளை. இரண்டுமே சட்டப் புத்தகத்தில் இருக்கும் உதாரணங்கள்தான்.

சட்டென்று செயினை அறுத்துக்கொண்டு ஓடுவதற்கு இப்போது 304 என்று தனிப் பிரிவு வந்துவிட்டது, மூன்று ஆண்டு வரை சிறை.

படி 4: முடிந்ததா, முயற்சியா?

பொருள் கைமாறியிருந்தால் 309(4): பத்து ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை. கைமாறவில்லை என்றால் 309(5), ஏழு ஆண்டு வரை. இரண்டிலும் அபராதம் உண்டு. முயற்சியோ முடிந்ததோ, வேண்டுமென்றே காயப்படுத்தியிருந்தால் 309(6), ஆயுள் வரை போகும்.

படி 5: கத்தி எங்கே இருந்தது?

இப்போது நம் சம்பவத்தின் உயிர்நாடிக்கு வருகிறோம். அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள். கொள்ளை நடக்கும்போது கொடிய ஆயுதத்தை ஒருவன் 'பயன்படுத்தினால்' 311. கொள்ளையடிக்க முயலும்போது கொடிய ஆயுதம் 'வைத்திருந்தால்' 312. இரண்டிலும் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை.

'குறையாத' என்ற சொல்லைக் கவனியுங்கள். 309(5)-இல் உச்சவரம்பே ஏழு, 312-இல் ஆரம்பமே ஏழு. வழக்கில் இந்த எண் சேர்ந்து நிரூபணமும் ஆகிவிட்டால், நீதிபதி இரக்கப்பட்டு மூன்று ஆண்டு கொடுக்க வழியில்லை. நம் சம்பவம் முயற்சியோடு நின்றுவிட்டதால், கத்திக்காரன் சிக்கினால் 309(5)-உடன் 312. பொருள் போகவில்லை என்பது அவனைக் காப்பாற்றாது.

சரி, 311 சொல்வதுபோல் பயன்படுத்தினான் என்றால் குத்தியிருக்க வேண்டுமா? வேண்டாம். பார்த்து மிரளும்படி கண்ணுக்குத் தெரியக் கையில் வைத்திருந்தாலே போதும் என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசிவரை இடுப்பில் மறைத்து வைத்திருந்த கத்தியைப் 'பயன்படுத்தியதாக' நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொன்று, 311-இன் ஏழு ஆண்டு ஆயுதத்தை எடுத்தவனுக்கு மட்டும். பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்திருந்த கூட்டாளிக்குக் கொள்ளைக் குற்றம் சேரும், இது சேராது.

படி 6: தலையை எண்ணுங்கள்

ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 310, கூட்டுக் கொள்ளை. முயன்றாலே போதும். இதில் ஒருவன் கொலை செய்தால் ஐந்து பேருக்கும் தூக்கு வரை போகலாம். "கொள்ளையடிக்கத் திட்டமிட்டு ஆயுதங்களுடன் பதுங்கியிருந்த 5 பேர் கைது" என்று செய்தி வருமே, ஏன் அந்த எண்ணிக்கை என்று யோசித்ததுண்டா? ஆயத்தம் செய்வதும் ஒன்றுகூடுவதும் தனிக் குற்றமாவது கூட்டுக் கொள்ளையில்தான். நாலு பேர் என்றால் அந்தப் பிரிவு நிற்காது.

படி 7: புகார் எழுதும்போது

பிரிவு எண் எழுத வேண்டியதில்லை, அது போலீஸ் வேலை. நடந்ததை எழுதுங்கள். "கத்தியைக் காட்டி மிரட்டினர்" என்று மொட்டையாக எழுதினால் யார் காட்டியது என்றே தெரியாது. இப்படி எழுதலாம்: "பின்னால் அமர்ந்திருந்தவர் இறங்கி, சுமார் ஒரு அடி நீளக் கத்தியை வலது கையில் பிடித்து என் வயிற்றுக்கு நேரே நீட்டி, செல்போனையும் பர்ஸையும் கேட்டார். வண்டியை ஓட்டியவர் இறங்கவில்லை." கேட்ட வார்த்தை முக்கியம், கொள்ளை நோக்கத்துக்கு அதுதான் சாட்சியம். நீளம் சரியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஊகித்து எழுதிவிட்டுக் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை பிரச்சினை இல்லை. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். வாங்கியதும் பிரிவுகள் எழுதியிருக்கும் இடத்தில் 312 இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 309(5) மட்டும் இருந்தால், கத்தி எங்கே போனது என்று கேட்கலாம்.