பழைய கேம்பர் வேனுக்குச் சரியான பிரேக் பாகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் பார்சலில் முன் சக்கரத்துக்கான பிரேக் ஷூ வந்தது; டிரம் என்ற சுழலும் உருளையின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த பாகம் அது. என் வண்டியின் முன் சக்கரத்தில் இருப்பதோ டிஸ்க், அதாவது சுழலும் இரும்புத் தட்டு. இரண்டாவது பார்சலில் டிஸ்க்கை அழுத்தும் பேட் வந்தது; அதைத் தாங்கும் காலிப்பருக்குள் உட்கார மறுத்தது. மூன்றாவது ஆர்டருக்கு முன்னால்தான் புத்தி வந்து, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். நீங்கள் முதலிலேயே படுத்துவிடுங்கள்.

பாகத்தை மாற்றுவது, பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பது எல்லாம் இங்கே இல்லை. எதை வாங்குவது என்பது மட்டும்தான். என்னுடையது ஃபோக்ஸ்வாகன் டைப் 2, வளைந்த முன் கண்ணாடி கொண்ட ரகம். மற்ற வண்டிக்காரர்களுக்கும் முறை இதேதான்.

படி 1: பத்திரத்தை மூடிவிட்டு சேசிஸ் நம்பரைப் பாருங்கள்

என் பதிவுச் சான்றில் 1970 என்றிருந்தது. அதை நம்பித்தான் ஷூ வாங்கினேன். ஆனால் அந்தக் காலத்தில் ஃபோக்ஸ்வாகனின் மாடல் வருஷம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். 1970 ஆகஸ்டுக்குப் பிறகு கட்டிய வேன் 1971 மாடல். முன் சக்கரத்துக்கு டிஸ்க் வந்ததும் அந்த ஆகஸ்டில்தான். ஆக, 1970இல் பிறந்த இரண்டு வேன்களில் ஒன்றுக்கு டிரம், இன்னொன்றுக்கு டிஸ்க்.

என்ஜின் அறையில் வலது பக்கம் சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும். அதன் மூன்றாவது இலக்கம் மாடல் வருஷத்தின் கடைசி இலக்கம். எனக்கு 1 இருந்தது. பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

வேறு கம்பெனி வண்டியின் மேல் கூடு கட்டிய கேம்பர் என்றால் இன்னும் உஷார். வேனோ சேசிஸோ ஒரு வருஷம் தயாராகியிருக்கும். கூடு கட்டி, விற்று, பதிவாகும்போது அடுத்த வருஷம் ஆகியிருக்கும். பாகம் தேட வேண்டியது அடியில் இருக்கும் வண்டியின் பெயரிலும் நம்பரிலும்தான். ஃபியட் டுகாட்டோ போன்றவற்றில் எடைப் பிரிவும் முக்கியம்: பெயரோடு 10, 14, 18 என்று எண்ணாக வரும்.

படி 2: சக்கரத்தைக் கழற்றுங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நான் அதிகம் அடிவாங்கியது இந்தப் படியில்தான். சேசிஸ் நம்பர் சொன்னபடி 1971 மாடல் பேட் வாங்கினேன். அதுவும் சேரவில்லை. காரணம், முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் முன் பக்க பிரேக்கையே மாற்றியிருக்கிறார். டைப் 2இல் 1972 ஆகஸ்டிலிருந்து காலிப்பரும் பேடும் வேறு. என் வண்டியில் இருந்தது அந்தப் பிந்தைய காலிப்பர். ஐம்பது வருஷ வண்டி எத்தனை கை மாறியிருக்கும்! தொழிற்சாலையில் என்ன போட்டார்கள் என்பதை சேசிஸ் நம்பர் சொல்லும். இப்போது என்ன இருக்கிறது என்பதை இரும்புதான் சொல்லும்.

காலிப்பரைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். வார்ப்பில் தயாரித்த கம்பெனியின் பெயர் தெரியும்: ஆட்டே, கேர்லிங், பெண்டிக்ஸ், பிரெம்போ என்று ஏதாவது ஒன்று. தெளிவாகத் தெரியாவிட்டால் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். ஒரே வருஷம், ஒரே மாடலுக்கு இரண்டு கம்பெனிகளின் காலிப்பர் போட்ட வண்டிகள் உண்டு. அதற்கேற்ப பேடும் மாறும்.

பழைய பேடின் இரும்புத் தகட்டில் டபிள்யூ.வி.ஏ எண், அதாவது பேடின் வடிவத்தைக் குறிக்கும் ஐந்து இலக்க எண், இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்தே தேடலாம். ஆனால் பழைய பேடே தவறானதாக இருக்கலாம். ஓரத்தை அரத்தால் தேய்த்துத் திணித்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: தேயாத இடத்தை அளங்கள்

பேடின் கனம் தேய்ந்துவிடும். தகட்டின் நீளமும் உயரமும் தேயாது. ஷூவின் லைனிங் தேயும், அகலம் தேயாது. டைப் 2 பின் ஷூவில் 45 மி.மீ., 55 மி.மீ. என இரண்டு அகலம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம்தான், ஆனால் கடைக்காரர் கேட்கும்போது போனில் கண் உதவாது.

டிஸ்க்குக்கு வெளி விட்டம், நடு ஓட்டை, போல்ட் எண்ணிக்கை, மொத்த உயரம் (படுக்க வைத்தால் அடியிலிருந்து உச்சி வரை) நான்கும் வேண்டும். உயரத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கனத்தை வெளி ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பில் அளந்தால் புது டிஸ்க்கின் கனத்துக்குக் கிட்டத்தட்ட வரும். டிஸ்க்கில் குத்தியிருக்கும் எண் பெரும்பாலும் குறைந்தபட்சக் கனம். அதைப் புது அளவு என்று நினைத்து ஆர்டர் போடாதீர்கள். டிரம்மில் தலைகீழ், அங்கே எழுதியிருப்பது அதிகபட்ச உள் விட்டம்.

டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் மட்டும் தோராயம் கூடாது. 20.64 மி.மீ. துளை, 22.2 மி.மீ. துளை இரண்டும் வெளியிலிருந்து ஒன்றுபோல இருக்கும், போல்ட்டும் ஏறிவிடலாம். ஆனால் துளை மாறினால் ஷூவைத் தள்ளும் விசை மாறும், முன் பின் பிரேக் சமநிலை கெடும். துளை அளவு பெரும்பாலும் சிலிண்டரின் வெளிப்பக்கமே வார்ப்பில் இருக்கும்.

கருவிக்கு ஒரு சொல்: முள் வைத்த இரும்பு வெர்னியர் வாங்குங்கள். என் டிஜிட்டல் வெர்னியர் எப்போது எடுத்தாலும் பேட்டரி செத்திருக்கும். பிளாஸ்டிக் வெர்னியர் குழந்தைகள் விளையாட நல்லது.

படி 4: புதியதைப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள்

பார்சல் வந்ததும் மேஜையில் வைத்து ஒப்பிடுங்கள். கிரீஸ் கையோடு தொடாதீர்கள், பெட்டியைக் கிழிக்காதீர்கள். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலிப்பர் வாங்கினால் காற்று எடுக்கும் நிப்பிள் மேலே வருகிறதா என்று பாருங்கள். கீழே வந்தால் இடது வலது மாறிவிட்டது.

பின்சேர்க்கை: பிரேக் ஹோஸ் (ரப்பர் குழாய்) வாங்கிய ஒரு வாசகர், மரை இரண்டு சுற்று ஏறி இறுகிவிட்டது என்று எழுதியிருந்தார். நல்லவேளை, ஸ்பேனரை அழுத்தாமல் நிறுத்தியிருக்கிறார். பிரேக் குழாய்களில் வரும் எம்10 மரைக்கு விட்டம் 10 மி.மீ., இடைவெளி 1 மி.மீ.; பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வரும் 3/8 அங்குல யு.என்.எஃப் மரைக்கு விட்டம் சுமார் 9.5, இடைவெளி சுமார் 1.06. ஒன்றில் மற்றொன்று ஏறுவதுபோலவே போக்குக் காட்டும். மரை அளவு பார்க்கும் சீப்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: பழைய ஷூ, பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயை அடிப்பதோ வேண்டாம். நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிட்டு, அப்புறம் வெர்னியரை எடுங்கள்.