பாமினியில் அகப்பட்ட கல்வெட்டை மீட்பது

ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் ஊர் வாசிகசாலையில் நாலைந்து பேர் கூடி, வருகிறவர்களின் கணினிச் சிக்கல்களைப் பார்ப்போம். போன கிழமை ஓர் அக்கா பென்டிரைவோடு வந்தார். தகப்பனார் இறந்தபின் செய்த அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்ட கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அதில் இருந்தது. கனடாவில் இருக்கும் தம்பி கைபேசியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் தெரிகின்றனவாம்.

"கோப்புப் பழுதாகிவிட்டதோ, மாஸ்ரர்?"

நான் மாஸ்ரர் இல்லை, அச்சகத்தில் பக்கம் கட்டியவன். கோப்பும் பழுதில்லை, அது பாமினி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்ட எழுத்துரு. நாம் "அம்மா" என்று வாசிப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கருவியில் வேடம் கலைந்துவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு 1991 முதலே சொந்த இடம் உண்டு. அங்கே குடிபெயர்த்துவிட்டால் எந்தக் கைபேசியிலும் வாசிக்கலாம்.

முதலில் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். பாமினியை ஒருங்குறியாக்கும் மென்பொருளை மாற்றி என்போம். முழுவதையும் அள்ளி அந்த மாற்றியில் போடாதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிவிடும். ஈமெயில் என்ற ஆங்கிலச் சொல் "நஅயடை" என்று பிறக்கும். வேர்ட்டில் தேடும் பெட்டியை வெறுமையாக விட்டு, எழுத்துருவாகப் பாமினியை மட்டும் கொடுத்துத் தேடினால் தமிழ்ப் பகுதிகள் தனியே பிடிபடும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். இணையத்தில் மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் காணி உறுதி (நிலப் பத்திரம்) போன்ற அந்தரங்க ஆவணங்களை அங்கே ஒட்டாதீர்கள். கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் என்எச்எம் கன்வேர்ட்டர் போதும்.

பலரும் இத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். உண்மையான வேலை இனித்தான். அந்தக் காலத்தில் "ர்" அடிக்க வேண்டிய இடத்தில் அரவு (துணைக்கால்) போட்டுக் குற்று (புள்ளி) வைப்போம். தாளில் அழகாக இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மாற்றியபின் "அமரர்" என்பது "அமரா்" ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான், ஆனால் "அமரர்" என்று தேடினால் அகப்படாது. "ரி", "ரீ" இரண்டுக்கும் இதே கதிதான். எனவே "ா்" என்பதை "ர்" என்றும், "ாி" என்பதை "ரி" என்றும், "ாீ" என்பதை "ரீ" என்றும் ஒரேயடியாக மாற்றுங்கள். அரவின்மேல் குற்றோ விசிறியோ (இகர, ஈகாரக் குறிகள்) வருகிற சொல் தமிழில் கிடையாது என்பதால் பயமில்லை.

இனிப் புதிதாக எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுங்கள். பாமினிக்குப் பழகிய விரல்களை மாற்றத் தேவையில்லை. இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது.

அக்காவின் கோப்பில் 212 இடங்களில் அரவும் குற்றும். "எந்த அச்சகத்தில் இப்படி அடித்தார்களோ" என்றார். அட்டையைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தேன்.