புதிய பயிற்சியாளர் வந்த அன்று ரசிகர்கள் செய்யும் தவறுகள்

2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி ஓவன் கோய்லைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. பத்து நிமிடத்தில் அவருடைய வரலாற்றைத் துழாவி எடுத்து, நண்பர்கள் குழுவில் ஒரு செய்தி போட்டேன்: "போல்டனைப் பிரீமியர் லீகிலிருந்து கீழே இறக்கியவர். விகனில் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பிளாக்பர்னில் ஒரு சீசனை முடிக்கவில்லை. இங்கே வந்து என்ன கிழிக்கப் போகிறார்?" மூன்றுமே இங்கிலாந்து அணிகள்; கீழே இறக்குவது என்றால் உச்ச லீகான பிரீமியர் லீகிலிருந்து அடுத்த நிலை லீகுக்கு. குழுவில் ஏகப்பட்ட கைதட்டல்.

அந்தச் செய்தியில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனாலும் அதை நான் எழுதியிருக்கக் கூடாது.

போல்டன் கதையையே எடுத்துக்கொள்வோம். 2011-12 சீசன் தொடங்குமுன்பே லீ சுங்-யோங்கின் கால் முறிந்தது. ஜனவரியில் தடுப்பாட்டத் தூணான கேரி கேஹிலைச் செல்சிக்கு விற்றார்கள். மார்ச்சில் டாட்டன்ஹாமுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தின் நடுவே ஃபாப்ரிஸ் முவாம்பா இதயம் நின்று மைதானத்திலேயே சரிந்தார்; பிழைத்தது பெரிய காரியம், ஆனால் மறுபடி அவர் ஆடவே இல்லை. இத்தனைக்கும் பிறகு போல்டன் இறங்கியது ஒரே ஒரு புள்ளியில், கடைசி நாளில். "இறக்கியவர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதையெல்லாம் அடைத்துவிட்டேன். அதே மனிதர் 2009-ல் பர்ன்லியை 33 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தின் உச்ச லீகுக்கு ஏற்றிவிட்டவர் என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. என் கண்ணில் படவில்லை; படவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

சென்னையில் அவர் கைக்கு வந்த அணி எப்படிப்பட்டது? 2018 மார்ச்சில் பெங்களூரில் பெங்களூரு எஃப்.சி.யையே 3-2 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பை வாங்கித்தந்த முந்தைய பயிற்சியாளர் ஜான் கிரிகரி, அடுத்த சீசனில் 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்தார். அதற்கடுத்த சீசனில் 6 ஆட்டங்களில் 5 புள்ளிகள், விடைபெற்றார். அந்த அணியைத்தான் கோய்ல் நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்து, அரையிறுதியில் கோவாவைத் தாண்டி, இறுதிப் போட்டி வரை இழுத்துச் சென்றார். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். ஆகவே பெயரையும் பட்டியலையும் பார்க்குமுன், அவரிடம் என்ன வேலை ஒப்படைக்கப்படுகிறது என்று பாருங்கள். மூழ்கும் அணியைக் கரையேற்றுவதும், கரையேறிய அணியைக் கோப்பைக்குக் கொண்டுபோவதும் ஒரே தொழில் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறு, பெயரைக் கேட்டே மயங்குவது. ஃபிராங்க் டி போர் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியில் தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள் வென்றவர். 2017-ல் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு வந்தபோது, பந்தைக் காலில் வைத்து ஆடும் அழகான ஆட்டம் வரப்போகிறது என்றார்கள். லீகில் நான்கு ஆட்டம், நான்கு தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 77-ஆம் நாள் வேலை போய்விட்டது. எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதிதான். மாற்றாக வந்த ராய் ஹாட்ஜ்சனும் முதல் மூன்று லீக் ஆட்டங்களில் தோற்றார்; அவற்றிலும் கோல் இல்லை. ஏழு ஆட்டம், பூஜ்யம் கோல். டி போருக்கு வைத்த அளவுகோலை அவருக்கும் வைத்திருந்தால் அக்டோபர் தாண்டியிருக்க மாட்டார். சீசன் முடிவில் பேலஸ் பதினோராம் இடம், பத்திரமாக.

முதல் சில தோல்விகளைவிட ஆபத்தானவை முதல் சில வெற்றிகள். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் தற்காலிகமாக வந்தார் ஓலே குன்னர் சோல்ஷார். முதல் ஆட்டத்திலேயே கார்டிஃபை 5-1 என்று நொறுக்கினார்கள். தொடர்ந்து எட்டு வெற்றிகள். பாரிஸில் பி.எஸ்.ஜி.யை 3-1 என்று வீழ்த்தியதும், இன்னும் கையெழுத்து வாங்காமல் என்ன செய்கிறீர்கள் என்று ரசிகர்கள் நிர்வாகத்தைத் திட்டத் தொடங்கினார்கள். மார்ச் 28-ல் மூன்று ஆண்டு ஒப்பந்தம் வந்தது. பிறகு அணி சரியத் தொடங்கியது. சீசனின் கடைசி ஆட்டத்தில், ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட அதே கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 2-0 தோல்வி, ஆறாம் இடம்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பயிற்சியாளரை எப்போது அனுப்புகிறார்கள்? அணி மிகக் கீழே விழுந்திருக்கும்போது. அந்தச் சரிவில் பாதி ஆட்டக் குறை என்றால், மீதி கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளும் காயங்களும் கடினமான அட்டவணையும். அவை எப்படியும் ஒருநாள் மாறும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல், அந்நாட்டு லீகின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை வைத்து ஆராய்ந்தார். அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அதேபோலத்தான் மீண்டு வந்திருந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நாம் காக்கைக்கு மாலை போடுகிறோம்.

வாங்கும் வீரர்களுக்கெல்லாம் பயிற்சியாளரையே பொறுப்பாக்குவது இன்னொரு பழக்கம். அலெக்ஸ் ஃபெர்குசன் காலத்து 'மேனேஜர்' பயிற்சி, கொள்முதல் இரண்டையும் கையில் வைத்திருந்தார். இன்று பல அணிகளில் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டு இயக்குநரின் வேலை. தலைமைப் பயிற்சியாளரின் வேலை இருப்பதை வைத்து ஆடவைப்பது. 2024-ல் லிவர்பூலுக்கு வந்த ஆர்னே ஸ்லாட்டுக்குப் பதவிப் பெயரே 'தலைமைப் பயிற்சியாளர்' என்றுதான் கொடுத்தார்கள்; முன்னவர் யூர்கன் க்ளாப் 'மேனேஜர்'. அந்தக் கோடையில் வந்து சேர்ந்து அந்த சீசனில் ஆடிய ஒரே புது முகம் ஃபெடெரிகோ கியேசா. கடைக்குப் போகாத அணி என்று புலம்பியவர்களுக்கு முன்னால் லீக் பட்டத்தைத் தூக்கினார்கள்.

ஆளைக் கிண்டல் செய்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆர்சனலில் பயிற்சியாளராக இருந்த உனாய் எமெரியின் ஆங்கில உச்சரிப்பைப் பேசிக்காட்டிச் சிரித்தவர்கள் ஏராளம்; செவியாவோடு மூன்று முறை யூரோப்பா லீக் வென்றவர் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. 2022 நவம்பரில் கீழே தத்தளித்த ஆஸ்டன் வில்லாவின் பொறுப்பை ஏற்றவர், 2023-24-ல் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீகுக்குக் கொண்டுபோனார். உச்சரிப்பு அப்படியேதான் இருந்தது.

இப்போதெல்லாம் அறிவிப்பு வந்தால் நான் பார்ப்பவை கொஞ்சம்தான். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, துணைப் பயிற்சியாளராக யாரைக் கூட்டிவருகிறார், வீரர்களை யார் வாங்குகிறார்கள், முதல் ஆறு ஆட்டம் யாருடன். கருத்தைப் பத்து ஆட்டம் முடியும்வரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். எப்போதும் முடிவதில்லை.

ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22-ல் லீக் கேடயம் (லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான பரிசு) வென்ற கோய்லை, 2023-ல் சென்னை மறுபடி அழைத்து வந்தது. குழுவில் ஒரே கொண்டாட்டம். யாரோ என் 2019 செய்தியைத் தேடி எடுத்துப் போட்டார்கள். நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதல் சீசனில் கோப்பைக்கான ப்ளே-ஆஃப் சுற்றில் இடம் கிடைத்தது. அடுத்த சீசனில், 13 அணிகளில் பதினோராம் இடம். அன்று இரவு இன்னொருவர் அதே செய்தியைத் தோண்டி எடுத்து, "அன்றைக்கே சொன்னார் அண்ணன்" என்று போட்டார். அதற்கும் ஏகப்பட்ட கைதட்டல்.